நாலு தெருச் செய்தி

பத்திரிகை ஒன்றை இலக்கிய விமர்சகன் எடுத்துப் பேசினால் அதில் வந்த சிறுகதையைப் பற்றியோ தொடர் நாவலைப் பற்றியோதான் பேசவேண்டும் என்று ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. குழாயில் தண்ணீர் வராதது, சாக்கடை மூடி காணாமற்போனது, கோவிலில் தெப்ப உற்சவம், ரேஷன் கடையில் பருப்பு வந்து சேர்ந்தது ஆகிய சங்கதிகளை அச்சிடுகிற பத்திரிகைகள் அவன் கண்ணில் படுவதில்லை. அவற்றில் எழுதுகிறவர்களும் தங்களை எழுத்தாளர்கள் என்று சொல்லிக்கொள்வதில்லை; ஆகவே பழி யார்மீதும் இல்லை. ஆனால் நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அவர்கள்மீது ஒரு பொறாமை உண்டு. “இவன் சொன்னால் சரியாய்த்தான் இருக்கும்” என்று வாசகன் வைக்கும் நம்பிக்கையைப் பெற நாங்கள் முந்நூறு பக்கம் உழைக்கவேண்டியிருக்கிறது. பேட்டைப் பத்திரிகைக்காரர் அதைச் சில சமயம் நாலு வரியில் பெற்றுவிடுகிறார். அந்த நாலு வரி எப்படி எழுதப்படுகிறது, எங்கே கெட்டுப்போகிறது என்று பார்க்கலாம் என்று தோன்றியது.

இவ்வகையில் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ‘மயிலாப்பூர் டைம்ஸ்’. வின்சென்ட் டி'சூசா 1994-ல் தொடங்கிய வாரப் பத்திரிகை. காசு வாங்காமல் வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போகிற வழக்கத்தோடு ஆரம்பமாயிற்று, செலவு விளம்பரக்காரர்களுடையது. அடையாறு, மாம்பலம், அண்ணா நகர் ஆகிய பேட்டைகளுக்கும் இதே மாதிரிப் பத்திரிகைகள் உண்டு. இலவசமாக வருவதால் மதிப்பில்லாமல் பழைய பேப்பர்க் கடைக்குப் போய்விடும் என்று நினைக்கலாம். அப்படி நடப்பதில்லை. பணம் கொடுத்து வாங்குகிற தினசரியில் தலைப்பை மட்டும் பார்க்கிறவர்கள் இதை மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படிக்கிறார்கள்.

உரைநடை என்று பார்த்தால் அதில் அலங்காரம் கிடையாது. பெயர்ச் சொற்கள்தான் அதன் பலம். வடக்கு மாட வீதி, கச்சேரி ரோடு, லஸ் முனை, சித்திரைக் குளம் என்று இடத்தின் பெயர் வாக்கியத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும். எந்தக் கடைக்கு எதிரே பள்ளம், எந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் நெரிசல் என்று சொல்லியிருக்கும். படித்தவர் அன்று சாயங்காலமே கறிகாய் வாங்கப் போகும்போது அந்தப் பள்ளத்தைப் பார்த்துவிடுவார். பள்ளம் இருந்தால் பத்திரிகை நிஜம், இல்லாவிட்டால் பொய். உலகச் செய்தியைச் சொல்லுகிற பெரிய தினசரிக்கு இந்தச் சோதனையே இல்லை. வாஷிங்டனில் நடந்ததாக அது சொல்வதை நான் போய்ப் பார்க்கப் போகிறேனா? அங்கே நம்புவது ஒரு பழக்கம். பேட்டைச் செய்தியில் நம்புவது வாரம் ஒரு முறை காலால் நடந்து சரிபார்த்த பிறகு வருகிற காரியம். எழுதினவர் அதே கடைத்தெருவில் எதிரே வருவார் என்பது இன்னொரு சௌகரியம். தப்பாக எழுதினால் அவர் வேறு வீதி வழியாகப் போகவேண்டியிருக்கும். இந்தக் கூச்சத்தை நான் அலட்சியமாக நினைக்கவில்லை. நிருபருக்கு வேண்டிய ஒழுக்கத்தில் பாதியை அது கற்றுக்கொடுத்துவிடும்.

விளம்பரத்தில் பிழைக்கிற பத்திரிகைக்கு நேர்மை ஏது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மோரிஸ் ஜானோவிட்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியல்காரர் சிகாகோ நகரத்துப் பேட்டைப் பத்திரிகைகளை ஆராய்ந்து 1952-ல் ஒரு புஸ்தகம் எழுதினார். அந்தப் பத்திரிகைகளும் விளம்பரத்தில்தான் ஓடின. ஆனால் வாசகர்கள் அவற்றை வியாபாரப் பத்திரிகை என்று கருதவில்லை. தங்கள் சிநேகிதர், அண்டை வீட்டார் என்ற வட்டத்தின் நீட்சியாகவே கருதினார்கள் என்று அவர் கண்டார். இது எனக்கு ஆச்சரியமாக இல்லை. பேட்டைப் பத்திரிகையில் விளம்பரமும் ஒரு செய்திதான். டியூஷன் வாத்தியார், வீட்டுச் சாப்பாடு அனுப்புகிற மாமி, வாடகைக்கு விடும் மாடிப் போர்ஷன் எல்லாம் தேவையுள்ளவனுக்குத் தலையங்கத்தைவிட முக்கியம்.

ஆனாலும் இந்தப் பத்திரிகைகள்மீது எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. நான் பெயர் சொன்னவை எல்லாம் இங்கிலீஷ் பத்திரிகைகள். மயிலாப்பூர்த் தெரு ஒன்றில் நாலு வீடு பெருக்கித் துலக்குகிற பெண்ணும் அந்தத் தெருவில்தான் தன் பகலைக் கழிக்கிறாள். அங்கே தோண்டிய பள்ளத்தில் முதலில் கால் இடறுகிறவள் அவள். அவளுக்குத் தெரியாத பாஷையில் அந்தப் பள்ளத்தைப் பற்றிச் செய்தி வருகிறது. பக்கத்திலேயே மீனவர் குப்பங்கள் இருக்கின்றன; அங்கே யார் வாசலில் எந்தப் பத்திரிகை விழுகிறது? டி'சூசா இதை உணராதவர் என்று சொல்லமாட்டேன். மயிலாப்பூர் விழா என்று நடத்தி வீதியை அடைத்துக் கோலப் போட்டி வைக்கிறார்கள். கோலம் போட இங்கிலீஷ் தெரிய வேண்டாம். இருந்தாலும் விழாவில் கலந்துகொள்வது ஒன்று, தன் தெருவைப் பற்றித் தானே படித்துத் தெரிந்துகொள்வது வேறொன்று.

இனி நான் குடியிருக்கும் கோவிலம்பாக்கத்துக்கு வருகிறேன். மயிலாப்பூருக்கு ஏழாம் நூற்றாண்டிலிருந்து பாடினவர்கள் உண்டு. எங்கள் ஊரைப் பாட யாரும் வரவில்லை. வீட்டுமனை விளம்பரக்காரர்கள்தான் வந்தார்கள். அவர்களுடைய இலக்கியத்தில் கோவிலம்பாக்கம் எப்போதும் வேறொரு இடத்திலிருந்து இத்தனை நிமிஷ தூரம் என்றுதான் வர்ணிக்கப்படும். வேளச்சேரியிலிருந்து இத்தனை, விமான நிலையத்திலிருந்து இத்தனை. அந்த நிமிஷங்களை எந்த வாகனத்தில், எந்த நடுநிசியில் கணக்கெடுத்தார்கள் என்பது ஒரு துப்பறியும் நாவலுக்கு உரிய விஷயம்.

ஊரின் சர்க்கார் ஜாதகமும் விசித்திரமானது. செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தோம். 1997-ல் காஞ்சிபுரம் மாவட்டமானோம். 2019-ல் மறுபடியும் செங்கல்பட்டு. நாங்கள் இருந்த இடத்தைவிட்டு ஓர் அடி நகரவில்லை. முகவரியில் மட்டும் சென்னை என்று எழுதிக்கொள்கிறோம். 2011-ல் சென்னை மாநகராட்சி விரிந்தபோது ஒரு பக்கத்து மடிப்பாக்கமும் பள்ளிக்கரணையும் அதில் சேர்ந்தன. எங்கள் ஊர் சேரவில்லை. 2021-ல் தாம்பரம் மாநகராட்சி உண்டானபோது பல்லாவரம் நகராட்சியோடு மறுபக்கத்துக் கீழ்க்கட்டளை அதில் போயிற்று. அப்போதும் நாங்கள் சேரவில்லை. இரண்டு மாநகராட்சிகளுக்கு நடுவே ஊராட்சியாக நின்றோம். இதில் பெருமையும் இல்லை, சிறுமையும் இல்லை. ஆனால் யாரிடம் போய் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்வதே இங்கே ஒரு கல்வி. ஊர்ச் செய்தி அவசியமாயிருக்கும் இடம் இப்படிப்பட்டதுதான். அது வராத இடமும் இதுதான். பட்டுப் புடவைக் கடையும் நகைக் கடையும் வரிசையாக உள்ள இடத்தில் பேட்டைப் பத்திரிகை செழிக்கும். தண்ணீர் லாரியும் ஹார்டுவேர் கடையும் உள்ள இடத்தில் யார் பக்கத்துக்குப் பக்கம் விளம்பரம் கொடுப்பார்கள்? என் வாசலில் இதுவரை அப்படி ஒரு பத்திரிகை விழுந்ததில்லை.

தமிழ்த் தினசரிகளின் உள்ளூர்ப் பக்கம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அதைத்தான் நான் அதிகமாகப் படிக்கிறேன். 1942-ல் சி. பா. ஆதித்தனார் மதுரையில் ‘தினத்தந்தி’யைத் தொடங்கியபோது தமிழ்ப் பத்திரிகை நடைக்கு ஒரு பெரிய உபகாரம் நடந்தது. பண்டிதரின் சிபாரிசு இல்லாமல் ஜனங்கள் படிக்கலாம் என்றாயிற்று. டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க நாலுபேர் கேட்கும்படியான வாக்கியங்கள் வந்தன. அந்தச் சின்ன வாக்கியத்தின் உயிர் கொலைச் செய்தியில் இன்னும் இருக்கிறது. உள்ளூர்ப் புகார்ச் செய்தியில் மட்டும் அது எப்படியோ செத்துப் போயிற்று.

அந்தச் செய்தியின் அச்சு எல்லோருக்கும் மனப்பாடம். சாலை குண்டும் குழியுமாக இருக்கும். பொதுமக்கள் அவதிப்படுவார்கள். சம்பந்தப்பட்ட அதிகாரிகள் உரிய நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று சமூக ஆர்வலர்கள் எதிர்பார்ப்பார்கள். ஊர்ப் பெயரை மாற்றிப் போட்டால் குமரியிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் பொருந்தும். பொதுமக்கள் என்பவர் யார்? அவதி என்றால் என்ன: பையன் சைக்கிளோடு விழுந்தானா, கர்ப்பிணியை ஆட்டோக்காரர் ஏற்ற மறுத்தாரா? எல்லாவற்றுக்கும் மேலாக, சம்பந்தப்பட்ட அதிகாரி எவர்? எங்கள் ஊரைப் பொறுத்தவரை அதுதானே செய்தி! மேடவாக்கம் மெயின் ரோட்டில் ஒரு பள்ளம் விழுந்தால் அது நெடுஞ்சாலைத் துறையுடையதா, ஊராட்சியுடையதா, மாதவரம்–சோழிங்கநல்லூர் மெட்ரோ ரயில் பாதைக்காகத் தோண்டினவர்களுடையதா என்று கண்டுபிடித்துச் சொல்லுகிற நிருபர் எனக்குக் கம்பனைப்போலக் காட்சி தருவார். ‘சம்பந்தப்பட்ட’ என்ற சொல்லைப் போட்டவுடன் கண்டுபிடிக்கவேண்டிய வேலை முடிந்துபோகிறது. நிருபரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை என்பதையும் சொல்லவேண்டும். பல இடங்களில் அவருக்குச் சம்பளம் சொற்பம். நாலைந்து ஊர்களுக்கு அவர் ஒருவர். போதாததற்கு விளம்பரமும் பிடித்துக் கொடுக்கவேண்டும். அவருக்கு அச்சு வார்ப்பு சௌகரியமாக இருக்கிறது. ஆனால் வாசகன் அந்த வரியைப் படிக்கும்போதே தன் ஊரைப் பற்றி எழுதினவர் தன் ஊருக்கு வரவில்லை என்று தெரிந்துகொள்கிறான். நம்பிக்கை அங்கே விட்டுப்போகிறது. செய்தி பொய்யாக இருக்கவேண்டும் என்ற அவசியமே இல்லை.

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். சென்னைத் தெரு ஒன்றில் தண்ணீர் வராத காலத்தைப் பற்றியது. ஐம்பது வருஷத்துக்கு முந்தியது. அந்தத் தெருவில் எந்தப் பம்ப்பில் தண்ணீர் வந்தது, யார் யாருக்காகக் குடம் தூக்கினார்கள் என்று அவர் எழுதினதால் அந்தத் தெரு நமக்குத் தெரிந்த தெருவாகிவிட்டது. 2019-ல் சென்னையின் ஏரிகள் வற்றினபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் வந்து படம் எடுத்தன. ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த செய்தி பெரிய எழுத்தில் வந்தது. வரவேண்டியதுதான். ஆனால் கோவிலம்பாக்கத்திலும் சுண்ணாம்புக் கொளத்தூரிலும் ஜனங்களுக்கு வேண்டியிருந்த தகவல் வேறு. லாரி எந்தக் கிழமை, எந்த முனையில் நிற்கும், வீட்டுக்கு எத்தனை குடம்? இதை அச்சில் பார்த்தவர் யார்? மாடிப்படியில் நின்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதுதான். சொன்னவர் தமக்கு முதலில் பிடித்துக்கொண்டு பிறகு சொன்னாரோ என்ற சந்தேகமும் கூடவே வந்தது. செய்தி பொதுவில் இல்லாவிட்டால் அண்டை வீட்டாரிடையே நட்பு வளரும் என்பது தப்பு எண்ணம்; சந்தேகம்தான் வளரும்.

2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழை இதைவிடக் கடுமையான பாடம். மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. டிசம்பர் 2-ஆம் தேதி ‘தி ஹிந்து’ சென்னையில் அச்சாகவில்லை. 1878-ல் தொடங்கிய பத்திரிகைக்கு அப்படி நேர்ந்தது அதுவே முதல் தடவை. அச்சுக்கூடம் மறைமலை நகரில். தொழிலாளர்கள் போய்ச் சேர வழி இல்லை. அதாவது, தென் புறநகரில் வெள்ளம் என்ற செய்தியைத் தென் புறநகர் வெள்ளமே நிறுத்திவிட்டது. மின்சாரம் இல்லை, பல இடங்களில் டெலிபோனும் இல்லை. அந்தக் காலி இடத்தில் புரளி வந்து உட்கார்ந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றார்கள், பண்ணைக்காரர்கள் மறுக்கவேண்டியிருந்தது. அமெரிக்காவின் நாஸா இன்னும் பேய்மழை வரும் என்று சொல்லிவிட்டது என்றார்கள். அதுவும் பொய்.

புரளியின் நடையையும் விமர்சகன் கவனிக்கவேண்டும். அதில் அமெரிக்கா இருக்கும், முதலை இருக்கும், பெரிய எண் இருக்கும். தெருப் பெயர் இருக்காது. போய்ப் பார்க்க முடிந்த எதையும் அது சொல்லாது. அந்த நாட்களில் ஜனங்கள் நம்பிய ஒருவருடைய எழுத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். பிரதீப் ஜான் என்பவர் வானிலை இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர் அல்ல, மழைமீது பித்துக்கொண்டவர், ‘தமிழ்நாடு வெதர்மேன்’ என்ற பெயரில் எழுதிவந்தார். அவர் எழுதினதில் நுங்கம்பாக்கம் இத்தனை மில்லிமீட்டர், மீனம்பாக்கம் இத்தனை, தாம்பரம் இத்தனை என்று இருக்கும். மேகம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எந்தப் பேட்டைக்கு முதலில் மழை என்று இருக்கும். ஜன்னலைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடுகிற விஷயத்தைச் சொல்ல ஒருவர் துணிகிறார் என்றால் அவரை நம்பலாம் என்று ஜனங்கள் தீர்மானித்தார்கள். அவர் சொன்னதில் சில பலிக்காமலும் போயிருக்கும். அதனால் மதிப்புக் குறையவில்லை. மழைக் கணிப்பு பலிக்காததை மன்னிப்பவர்கள், தங்கள் பேட்டைப் பெயரைச் சொல்லாமல் மழுப்புகிறவரை மன்னிப்பதில்லை.

அச்சில் வரும் உள்ளூர்ச் செய்தி எங்கள் பக்கம் அடியோடு இல்லை என்றும் சொல்லமுடியாது. ஒன்று இருக்கிறது; சுவரில் ஒட்டியிருக்கும். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைத்தான் சொல்கிறேன். பத்து வருஷம் எதிர் வீட்டில் இருந்தவரின் முழுப் பெயரும், அவர் பழைய தொழிலும், சொந்த ஊரும், பேரப் பிள்ளைகளின் வரிசையும் அந்த ஒரு தாளில்தான் நமக்குத் தெரியவருகின்றன. தாமதமாக வருகிற செய்திதான். ஆனால் அதில் ஒரு சொல்லைக்கூட நாம் சந்தேகிப்பதில்லை. அடக்கம் எத்தனை மணிக்கு என்று போட்டிருந்தால் அத்தனை மணிக்குப் போய் நிற்கிறோம்.

இந்த வகைச் செய்தியை ஒரு பத்திரிகைக் கலையாகவே வளர்த்தவர்கள் யாழ்ப்பாணத்தார். அங்கத்துத் தினசரிகளில் மரண அறிவித்தல் பக்கம்தான் பலருக்கு முதல் பக்கம். இன்னாருடைய அன்பு மனைவியும், இன்னின்னாரின் பாசமிகு தாயாரும் என்று உறவு ஒவ்வொன்றாக அடுக்கி, அடைப்புக் குறிக்குள் லண்டன், டொரண்டோ, கொழும்பு என்று போட்டிருப்பார்கள். போரினால் சிதறிப்போன ஒரு கிராமம் அந்த ஒரு பத்தியில் திரும்பவும் ஒன்று கூடுகிறது. இப்படி ஜனங்களுடைய வீட்டுக்குள் நுழைந்த பத்திரிகைக்கு விரோதிகளும் உண்டு. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட அதே நாட்களில், 1959-ல் தோன்றிய ‘ஈழநாடு’ பத்திரிகையின் காரியாலயமும் எரிக்கப்பட்டது. ‘உதயன்’ 1985-ல் வந்தது. தொண்ணூறுகளில் பத்திரிகைத் தாள் வராதபோது பள்ளிக்கூட அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சிட்டார்கள். 2006 மே 2-ஆம் தேதி துப்பாக்கிக்காரர்கள் காரியாலயத்தில் புகுந்து ஊழியர்கள் இரண்டு பேரைக் கொன்றார்கள். அதற்குப் பிறகும் பத்திரிகை வந்தது. கோடு போட்ட தாளில் வந்த அந்தப் பேப்பரை வரிசையில் நின்று வாங்கினவர்களுக்கு நம்பிக்கை என்றால் என்ன என்று சமூகவியல்காரர் வந்து சொல்லவேண்டியதில்லை.

அங்கே உயிரைக் கொடுத்து நடத்தினதை இங்கே சோம்பலால் விட்டிருக்கிறோம் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். அடுக்குமாடிக் கட்டடத்துக்கு ஒரு வாட்ஸாப் குழு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதில் காலை வணக்கமும் ரோஜாப் பூவும் இருக்கின்றன, நடுவில் ஒரு நல்ல தகவலும் வரும். ஆனால் அது அந்தக் கட்டடத்தின் மதிற்சுவரைத் தாண்டாது. பக்கத்துக் கட்டடத்துக் குழுவில் அதே சங்கதி வேறுவிதமாகப் போய்க்கொண்டிருக்கும். பின்புறத்துத் தகரக் கொட்டகையில் இருக்கும் கட்டட வேலைக்காரர்கள் இரண்டிலும் இல்லை. யார் எழுதினார், யார் பார்த்தார் என்ற கேள்வியை அங்கே கேட்டால் அகௌரவமாக எடுத்துக்கொள்கிறார்கள். பத்திரிகை ஆசிரியர் என்ற பிராணிக்கு நம்மிடையே அவ்வளவு மரியாதை இல்லாவிட்டாலும், கேள்வி கேட்பது அவருடைய உத்தியோகம் என்பதையாவது ஒப்புக்கொண்டிருந்தோம்.

கோவிலம்பாக்கத்துக்கு யாராவது தமிழில் ஒரு நாலு பக்கப் பத்திரிகை தொடங்குவதாக இருந்தால் முதல் இதழுக்கு என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. கதை வேண்டாம், கவிதையும் வேண்டாம், என்னுடைய ஆசிச் செய்தி நிச்சயமாக வேண்டாம். கீழ்க்கட்டளை ஏரியின் உபரி நீர் நாராயணபுரம் ஏரிக்கும், அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் போகவேண்டும். அந்தச் சதுப்பு நிலத்துக்கு 2022-ல் ராம்சார் என்ற சர்வதேச அந்தஸ்து கிடைத்த விவரம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தாயிற்று. அதற்குப் போகிற கால்வாய் எங்கள் ஊரில் எந்தத் தெருவின் கொல்லைப்புறமாக ஓடுகிறது, எங்கே அகலம், எங்கே குறுக்கம், எந்த இலாகாவின் பொறுப்பு, அந்த அதிகாரி எந்தக் கட்டடத்தில் எத்தனை மணிக்கு இருப்பார் என்று நடந்து பார்த்து ஒரு படம் போட்டு அச்சிடவேண்டும். டீக்கடையில் இரண்டு பிரதி, ரேஷன் கடையில் இரண்டு, கொட்டகைப் பக்கம் இரண்டு வைக்கவேண்டும். அடுத்த வாரம் யாராவது வந்து, கால்வாய் நீங்கள் போட்ட இடத்தில் இல்லை, இரண்டு வீடு தள்ளிப் போகிறது என்று சண்டை பிடிப்பார். அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போடவேண்டும்.